சிஐடி வார்டனும் ஒன்பதாம் நாளும்

பெற்ற தாயைக்கூட நம்பாத ஒரு ஜீவனை நான் பார்த்திருக்கிறேன். கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில் இருந்த எங்கள் மாணவியர் விடுதியின் வார்டன் அம்மாதான் அவர். நாங்கள் வைத்த பெயர் சிஐடி. சாம்பாரில் பருப்பு தட்டுப்பட்டால்கூட சமையல்கார அம்மாவைக் கூப்பிட்டு, "இன்னிக்கு இன்னா விசேஷம்? எதை மறைக்கிற?" என்பார்.

பொருள்களைவிட வார்த்தைகள் மேல்தான் அவருக்குச் சந்தேகம் அதிகம். ஒருத்தி, "வெளிய உக்காந்திருக்கேங்க" என்று நெளிந்தால், "உள்ளாறதான நிக்கிற?" என்பார். "வூட்டுக்குத் தூரம்ங்க" என்றால், "தியாகதுருகம் இன்னா தூரம்? பஸ்ஸுல அரை மணி. அதுக்கு இன்னாத்துக்கு வயித்தப் புடிச்சிக்கினு நிக்கிற?" என்பார். மாதவிடாய் என்று வாய்விட்டுச் சொல்லும்வரை விடமாட்டார். சொன்னதும் ஒரு நோட்டில் தேதியைக் குறித்துக்கொள்வார். அந்த நோட்டு எங்கள் அப்பாக்களுக்குப் போகிறது என்று நாங்களும் அவரைச் சந்தேகப்பட்டோம்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வாரம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மலையிலிருந்து வந்து படித்த மல்லிகா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கேட்டவர்களிடமெல்லாம், "மூணு நாள் சமாசாரம்" என்றாள். நாங்களும் தலையாட்டிவிட்டுப் போனோம். சிஐடி மட்டும் நோட்டைப் புரட்டினார்.

"ஒம்போது நாளாச்சு. இன்னாடீ மூணு நாளு?"

போர்வையை இழுத்தார். பாய் முழுக்க ரத்தம். மல்லிகாவின் உதடு வெளுத்திருந்தது.

மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அரை மைலில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது.

"பொண்ணுக்கு இன்னா?" என்றார்கள் மறியல்காரர்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "வூட்டுக்குத் தூரம்ங்க" என்றேன்.

சிரித்துவிட்டார்கள். "அதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா? வண்டியத் திருப்புங்க."

சிஐடி வண்டியிலிருந்து இறங்கினார். "மாதவிடாய். ஒம்போது நாளா ரத்தம் கொட்டிக்கினு இருக்குது. வந்து பாருங்க. பாத்துட்டு அப்பறமா சிரிங்க."

யாரும் வந்து பார்க்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து மரத்தை நகர்த்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஏற்றிய ரத்தப் பாட்டிலையும் சிஐடி சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகா பிழைத்தாள். அதன் பிறகு அவள் லீவில் மலைக்குப் போனால் பின்னாலேயே ஒரு தபால் கார்டு போகும்: "மாதவிடாய் எத்தனை நாள்? உண்மையைச் சொல்." தபால்காரர் படிப்பாரே என்றால், "படிக்கட்டும். அவனும் தெரிஞ்சிக்கட்டும்" என்பார்.

கல்யாணமாகிப் போன பிறகு எனக்கும் அந்தக் கார்டு பல வருடம் வந்தது. பிறகு ஒரு வருடம் அது அடியோடு நின்றுபோனது. இப்போதெல்லாம் நான் "நல்லா இருக்கேன்" என்றால் எல்லோரும் உடனே நம்பிவிடுகிறார்கள். நம்பாமல் போர்வையை இழுத்துப் பார்க்க அவர் இல்லையே என்றிருக்கிறது.