நான் நிராகரித்த ஜெர்மனி

என் வீட்டிலிருந்து ஒரு ஜீவன்கூட ஜெர்மனிக்குப் போகக் கூடாது என்று போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தீர்மானித்தேன். என் பெரிய தீர்மானங்கள் எல்லாம் குளியலறையில்தான் பிறக்கும். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள எனக்கு அனுமதி உள்ள ஒரே அறை அதுதான்.

காரணம் இல்லாமல் தீர்மானிக்கவில்லை. ஒன்றரை வருஷமாக தினமும் மாலை ஏழு மணிக்கு மகளின் அறையிலிருந்து ஜெர்மன் சத்தம் வந்துகொண்டிருந்தது. இக்காம், மிக்காம், டிக்காம். தொண்டையில் முள் சிக்கியவருக்கு நாலு பேர் முதுகில் தட்டிக்கொடுப்பது போல இருக்கும். இன்டர்நெட் அந்த ஒரு அறையில்தான் ஒழுங்காகக் கிடைக்கும் என்பதால் வகுப்பு அங்கே. மகள் கல்லூரியில் புள்ளியியல் கடைசி வருஷம். வகுப்பு முடியும்வரை என் மனைவியும் உள்ளேதான் இருப்பாள், கதவைச் சாத்திக்கொண்டு. பெண்ணுக்குத் துணையாம்.

மனைவி ஓர் அச்சகத்தில் ஸ்டோர் பொறுப்பாளர். அங்கே இருக்கிற பெரிய இயந்திரம் ஜெர்மனியில் செய்தது. ரிப்பேர் என்றால் அதன் திரையில் ஜெர்மனில்தான் திட்டு வரும். இந்த வியாதி அந்த இயந்திரத்திலிருந்துதான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது என்பது என் கணிப்பு.

அன்று சாப்பாட்டு மேஜையில் ஒரு வழவழப்பான கையேடு கிடந்தது. ஏதோ ஓர் அறக்கட்டளை. ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு அங்கே மேல்படிப்பு, முழு உதவித்தொகை.

“என்ன இது?”

“விண்ணப்பம் போயாச்சு. உங்களுக்குக் குழம்பு போடவா?” என்றாள் மனைவி.

மகள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். குற்றவாளி யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகர் இருக்கிறார். தெருவே அவரை ‘விமானம்’ என்றுதான் சொல்லும். விமானம் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. பேருந்தில் போனாலே வாந்தி எடுக்கிற ஆசாமி. அவரிடம் போய் விசாரித்தேன்.

“ஜெர்மன் படிக்கிறவங்களுக்கு எக்கச்சக்க வழி சார்! அரசாங்க உதவித்தொகை இருக்கு. கட்சிகளோட அறக்கட்டளைங்க தனியா தருது. யுனிவர்சிட்டியும் தரும். கோடை வகுப்புக்கு மட்டும் போய்ட்டு வரவும் கொடுப்பாங்க.”

“அந்த ஊர்ல யாருக்கும் வேற வேலையே இல்லையா?”

“அரசு யுனிவர்சிட்டி பலதுல படிப்புக் கட்டணமே கிடையாது சார்.”

“சும்மா கொடுக்கிற படிப்பு என்ன லட்சணத்துல இருக்கும்?”

“மார்க், மொழிச் சான்றிதழ், சிபாரிசுக் கடிதம், அப்புறம் ஏன் படிக்கணும்னு சொந்தமா ஒரு கடிதம். அவ்ளோதான்.”

“ஏன் படிக்கணும்னு அவங்களும் கேக்கறாங்களா? ஒன்றரை வருஷமா நானும் அதைத்தான் கேக்கறேன். எனக்கு யாரும் கடிதம் தரலையே.”

“கிடைச்சா ரெண்டு வருஷம் கவலையே இல்ல சார்!”

இரண்டு வருஷம்! இந்த ஆள் அதை ஏதோ இரண்டு இட்டிலி போலச் சொல்கிறான். வீட்டில் மூன்று பேர். அதில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பார்த்தேன். நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருந்தது. சிரிப்புச் சத்தம் இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் திரும்பி வரப் பயம். அதை வெளியே சொல்ல வெட்கம். ஆகவே ஜெர்மனியைக் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

பேச்சோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் தொழில் அப்படி. நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நிராகரிப்புப் பிரிவில் இருக்கிறேன். வண்டி நசுங்கியது, கூரை பறந்தது, குழாய் வெடித்தது என்று பணம் கேட்டு வருகிறவர்களுக்கு, ‘வருந்துகிறோம்’ என்று எழுதி அனுப்புவது என் வேலை. இருபத்தாறு வருஷம். என் கடிதத்தைப் படித்தவர்கள் மறுபடி எழுதியதில்லை. எழுத மனசு வராது. அப்படி ஒரு கைராசி.

அந்தக் கைராசியை மகள் மீது பிரயோகித்தேன். கையேட்டிலிருந்த சின்னத்தை ஆபீஸ் கலர் பிரிண்டரில் எடுத்தேன். அவர்களுடைய எழுத்துருவையே தேடிப் பிடித்தேன். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனதும், மகள் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு நிராகரிப்புக் கடிதத்தை மடமடவென்று அடித்து, அடுத்த வாரம் புதன்கிழமை காலை தபாலில் போட்டேன். வேலை முடிந்தது என்று அன்று ராத்திரி எனக்குள் ஒரு பெருந்தன்மை ஊறியது. நல்ல வேளையாக விமானமும் ஏதோ சாவி வாங்க வந்திருந்தார்.

“இதோ பாரும்மா,” என்றேன் மனைவியிடம், “நான் ஒண்ணும் பிற்போக்கு இல்ல. உதவித்தொகை கிடைச்சா தாராளமா போகட்டும். நான் குறுக்கே நிக்க மாட்டேன்.”

“யாருக்குக் கிடைச்சாலுமா?”

“யாருக்குக் கிடைச்சாலும்!”

“இவர் முன்னாடி சொல்றீங்க.”

“ஊர் முன்னாடியே சொல்றேன்!”

மனைவி விமானத்தைப் பார்த்தாள். விமானம் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். எனக்கு என்னையே கட்டிக்கொள்ளத் தோன்றியது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கடிதம் வந்தது. மனைவிதான் பிரித்தாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தைச் சோகமாக்கிப் பழகிக்கொண்டிருந்தேன்.

“‘தங்கள் கோரிக்கையை ஆழ்ந்து பரிசீலித்தோம். வருந்துகிறோம்’னு போட்டிருக்கு,” என்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“அடடா!” என்றேன். நன்றாகவே வந்தது.

“இருங்க, காரணமும் போட்டிருக்கு. ‘சேதம் நடந்த முப்பது நாளுக்குள் தகவல் தரவில்லை.’”

மகள் நிமிர்ந்தாள். “என்ன சேதம்?”

“‘சேதமான பொருளின் புகைப்படம் இணைக்கப்படவில்லை. நகல், கிளை மேலாளருக்கு.’”

செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். சின்னம் சரி, எழுத்துரு சரி, முத்திரைகூடச் சரி. நடுவில் இருக்கிற விஷயத்தை மட்டும் என் விரல்கள் இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் தாங்களாகவே அடித்துவிட்டிருக்கின்றன. நான் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. நான் எழுதிய நிராகரிப்புக் கடிதங்களை நான் என்றைக்குமே படித்ததில்லை.

“வெளிநாட்டுக்காரங்க... அவங்க முறை எப்படியோ...” என்றேன்.

“சரி, அதை விடுங்க. இவளுக்கு எதுக்கு நிராகரிப்பு? இவ விண்ணப்பமே போடலையே?”

“என்னது?”

“அப்பா, எனக்கு ஜெர்மன்ல ஒரு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது,” என்றாள் மகள். “வகுப்பு நடக்கறப்ப நான் காதுல ஹெட்போன் மாட்டிட்டுக் கணக்குப் போட்டுட்டிருப்பேன்.”

“அப்ப அந்த இக், மிக்?”

“நான்,” என்றாள் மனைவி.

உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே நான் இன்னொரு முறை உட்கார்ந்தேன்.

“இயந்திரம் நின்னா எல்லாரும் என்னைத்தான் கூப்பிடறாங்க. அதோட புத்தகத்தைப் படிச்சு தமிழ்ல நான்தான் சொல்றேன். அதையே ஒழுங்காப் படிக்கலாமேன்னு தோணுச்சு. தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு. இந்த அறக்கட்டளைல வயசு வரம்பு இல்ல. எதிர்வீட்டு சார்தான் கண்டுபிடிச்சுச் சொன்னார்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா இந்தக் கடிதம் என் பேருக்கு வந்திருக்கும்.”

கைபேசியை எடுத்து என் முன் வைத்தாள். அறக்கட்டளையிலிருந்து வந்த மின்னஞ்சல். மகிழ்ச்சி, வாழ்த்துகள், இரண்டு வருஷம், முழு உதவித்தொகை. தேதியைப் பார்த்தேன். புதன்கிழமை மதியம். அதாவது நான் ஊர் முன்னாடி சொல்கிறேன் என்று மார்தட்டுவதற்கு ஏழு மணி நேரம் முன்பு.

மகள் இல்லாத வீட்டை நினைத்துத்தான் நான் இத்தனை பாடுபட்டேன். இவள் இல்லாத வீட்டை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைக்க வேண்டியிருக்கும் என்றே தோன்றியதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் என் கண்ணாடி எங்கே என்று அவளைக் கேட்காமல் நான் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை.

“நீ இல்லாம எனக்கு முடியாதும்மா,” என்றேன். இந்த முறை நடிப்பு இல்லை.

அவள் முகம் இளகிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்படின்னா நீங்களும் வாங்க. படிக்கிறவங்களோட கணவனும் வரலாம். எல்லாம் கேட்டு வெச்சிருக்கேன்.”

எனக்கு உயிர் வந்தது. “அப்படியா? எப்போ கிளம்பணும்?”

“முதல்ல ஆரம்ப நிலை ஜெர்மன் பரீட்சைல நீங்க பாஸ் பண்ணணும். பேச, எழுத, படிக்க.”

“அதுக்கு எவ்ளோ நாள் ஆகும்?”

“சாதாரணமா மூணு மாசம்.”

“எனக்கு?”

என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தாள். பிறகு ரொம்பவும் அன்பாக என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“நீங்க அவசரப்படாமப் படிங்க. நான்தான் ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துடுவேனே!”