ஐந்து கிலோ குறைந்த உடம்பு

மேடைக்குப் பின்னறையில் இருந்தவர்கள்: ஆடப்போகிற நிருஷா, துசாந்தினி, பூமணி ஆகிய மூவர், ஊசி நூலோடு கொண்டச்சியிலிருந்து வந்திருந்த தையல்காரி றஹீமா, வாசலில் திறப்புக்கோர்வையோடு மண்டபக் காவலாளி அருளப்பு.

அவர்களுடைய முறைக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. அந்த நேரம் பார்த்து நிருஷாவுக்கு ஆட்டம் மறந்துபோனது. மனதுக்கல்ல, உடம்புக்கு.

"ஒருக்காத் துள்ளிப் பாத்தனான் அக்கா. போன கால் கீழ வர மாட்டனெண்டுது."

"வந்தது, வந்தது. என்ரை பெருவிரலுக்கு மேலதான் வந்தது," என்றாள் பூமணி, விரலை ஊதியபடி.

மூவரும் வெள்ளாங்குளத்தில் மிதிவெடி அகற்றுகிறவர்கள். வேலையில் ஐந்து கிலோ பாதுகாப்பு அங்கி, முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடித் தடுப்பு. மத்தியான இடைவேளையில் அதைக் கழற்றித் திரும்ப மாட்டினால் பாதி நேரம் போய்விடும். அதனால் மூன்று மாத ஒத்திகையும் அங்கியோடேயே நடந்தது. இன்றைக்கோ பட்டுப் பாவாடை. உடம்பு பழக்கத்தில் ஐந்து கிலோவைத் தூக்கத் தயாரானது. தூக்க அங்கே எதுவும் இல்லை. வெறும் வாளியை நிறைவாளி என்று நினைத்து இழுத்தவளைப்போல நிருஷா சுவரில் போய் மோதினாள்.

விளையாட்டு விஷயமில்லை இது. இந்த நடனப் போட்டியில் முதலாமிடம் எடுக்கிற குழுவின் தலைவிக்குக் கலாசாரக் கந்தோரில் நடன ஆசிரியை வேலை. முடிவு சொல்கிறவர் உத்தியோகத்தர் சுபாஸ்கரன், முன்வரிசையில் இருந்தார். குழுத்தலைவி நிருஷா இரண்டு வருடம் முழங்காலில் நின்று சம்பளம் எடுத்துவிட்டாள். இனி நிமிர்ந்து நின்று எடுக்கவேண்டும்.

"பாரம் இல்லாததுதானே குறை? வைச்சாப் போச்சு," என்றாள் றஹீமா. பின்வளவு மணலை அள்ளி, மூன்று பாவாடைகளின் கரைமடிப்பிலும் நிரப்பித் தைத்துவிட்டாள்.

மூவரும் துள்ளினார்கள். கால் சரியான இடத்துக்கு வந்தது. பாவாடையும் இடுப்பைவிட்டு இறங்கி வந்தது, கணுக்கால்வரைக்கும்.

"ராத்தா! இழுத்துப் பிடியுங்கோ!"

றஹீமா கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து, ஒவ்வொருத்தியின் இடுப்பிலும் முழங்காலை முண்டுகொடுத்து இறுக்கினாள்.

"மூச்சு வருதா மகள்?"

"போகுது ராத்தா. வரேல்லை."

அடுத்த முறைப்பாடு துசாந்தினியிடமிருந்து. "எனக்கு முகத்தில உடுப்பில்லாத மாதிரிக் கிடக்கு. கண்ணாடி இல்லாமல் சனத்தை நிமிர்ந்து பாக்கேலாது."

பூமணி அவளுடைய நெற்றிச்சுட்டியை மூக்குத்தண்டுவரை இழுத்து விட்டாள். துசாந்தினிக்கு இப்போது கண்ணுக்கு முன்னால் மறைப்பு இருந்தது. ஆனால் கண்கள் இரண்டும் அந்தச் சுட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வெள்ளாங்குளம்! வாங்கோ, உங்கட முறை!" என்று அருளப்பு கத்தினார்.

அருவிவெட்டு நடனம், நெல்லறுப்பு ஆட்டம். பாட்டு எழும்பியது. முதல் அடியிலேயே நிருஷாவுக்குத் தெரிந்துவிட்டது, பிடிபட்டுவிட்டது! பாரம் இருக்கிறது, கால் பேசுகிறது, அரிவாள் பிடித்த கை வளைகிற இடத்தில் வளைகிறது. பலகை அதிர்ந்தது. பின்வரிசையில் விசில். ஓலைத்தொடுவாய்க் குழுப் பெண்கள் திரைக்குப் பின்னாலிருந்து வாய்பிளந்து பார்த்தார்கள். நிருஷாவின் நெஞ்சு, கயிற்றையும் மீறி, விம்மியது.

இரண்டாவது அடியில் தையல் விட்டது. மணல் சரசரவென்று மேடையில் கொட்டியது. கதிர் அறுக்க நிருஷா குனிந்தாள். சலங்கையிலிருந்து ஒரு மணி கழன்று மணலுக்குள் விழுந்தது.

டிங்.

மணலுக்குள் இரும்புச் சத்தம். மூன்று வலக்கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின.

"நில்லுங்கோ! ஒருத்தரும் அசையாதேங்கோ!"

அது நிருஷாவின் வேலைக் குரல். மூவரும் மணலில் பதிந்த தங்கள் காலடிகளிலேயே காலை வைத்துப் பின்னால் போனார்கள்.

மண்டபத்தில் இருந்தது மீள்குடியேறிய சனம். முகாமில் சோறு கொடுக்க முன்னமே மிதிவெடிப் பாடம் படித்த சனம். நானூறு பேரும் காலைத் தூக்கிக் கதிரைக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். பாதிரியார் அங்கியைச் சுருட்டிக் குந்தினார். பிரதம விருந்தினர் தன் முழங்காலைத் தானே கட்டிப்பிடித்தார். பாட்டுப்பெட்டி மட்டும் அறுவடைப் பாட்டைத் தொடர்ந்தது.

"தங்கச்சி, மேடையிலயோ? கீழயும் கிடக்குதோ?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

நிருஷாவுக்கு அப்போதுதான் தான் நிற்கிற இடம் உறைத்தது. "இது... இது சலங்கை மணி ஐயா!"

"அப்பிடித்தான் எங்கட சித்தப்பாவும் நினைச்சவர்! தொடாதை பிள்ளை!"

வேறு வழியில்லை. முழங்காலில் நின்றாள். மணலை விரல்விரலாக விலக்கினாள். பழகிய கை அவசரப்படவில்லை, தாளத்தையும் விடவில்லை. மணியை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"கிளியர்!"

நானூறு சோடிக் கால்கள் ஒரே சத்தத்தில் நிலத்துக்கு வந்தன. பிறகு சனம் எழும்பி நின்று கைதட்டியது, கூரைத்தகரம் கழன்றுவிடும்போல.

எழும்பாதவர் ஒருவர்தான். சுபாஸ்கரன். தொடைகளை ஒட்டவைத்து, கதிரையை இரண்டு கையாலும் பிடித்து, வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு இருந்தார். பிரதம விருந்தினர் விடைபெற்றபோதும் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார். முடிவைக் கேட்டவர்களுக்கு, "பிறகு அறிவிப்பம், எல்லாரும் போங்கோ," என்று மட்டும் சொன்னார்.

"பாத்தியளே அக்கா? அவ்வளவு கோவம்," என்றாள் நிருஷா. உடுப்பு மாற்றி, பாவாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு மண்டப வாசலில் நின்றாள். "போச்சு. நாளைக்கும் முழங்கால்தான்."

"உன்ரை தொண்டையை ஆர் திறக்கச் சொன்னது?" என்றாள் பூமணி.

"நீங்களும்தானே கையைத் தூக்கினனீங்கள்!"

சனம் கலைந்து முடிந்தது. அருளப்பு கதவை ஓரளவு திறந்து வெளியே வந்தார். வளவில் வேறு யாரும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்தார்.

"பிள்ளை, முதலாமிடம் உங்களுக்குத்தானாம். ஒண்டாந்திகதி வேலைக்கு வரட்டாம்."

நிருஷா கத்திய கத்தலில் றஹீமாவின் கையிலிருந்த ஊசிப்பெட்டி கீழே விழுந்தது.

"அப்ப ஏன் அண்ணை அவர் எழும்பவேயில்லை?"

அருளப்பு அவள் கையிலிருந்த பாவாடையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எழும்பியிருப்பார் பிள்ளை. நீ கத்தின உடன மனிசன் காலைத் தூக்கினது, காற்சட்டை பின்பக்கம் மேலிருந்து கீழ்வரைக்கும் கிழிஞ்சு போச்சு. இன்னும் அதே கதிரையிலதான் இருக்கிறார்."

உள்ளே போனார். கதவைச் சாத்தினார். பூட்டில் திறப்பு இரண்டு தரம் திரும்பியது.