பௌர்ணமிக் கல்யாணமும் என் நெற்றியும்

எங்கள் வீட்டை நடத்தியது என் வாய் என்றுதான் சொந்தபந்தமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் நடத்தியது என் நெற்றி.

கல்யாணமான புதிதில் கூட்டுக் குடும்பம். பெரியவர்கள் பேசும் இடத்தில் மருமகள் வாயைத் திறக்க முடியாது. அதிலும் நல்ல காரியம் பேசும்போது 'வேண்டாம்' என்ற சொல்லே வரக்கூடாது, அபசகுனம். அதனால் என் கணவர் எதற்கும் பதில் சொல்லுமுன் சமையலறை வாசலில் நிற்கும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். என் புருவ மத்தியில் இரண்டு கோடு விழுந்தால், "வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்" என்று நழுவிவிடுவார். விழாவிட்டால் சம்மதம். (நிலம், மாடு, கொழுந்தனின் பைக், எல்லாம் இப்படி முடிவானவைதான்.) அத்தனை கூட்டத்தில் ஒருவர் என் முகத்தை மட்டும் தேடுவார். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம் வருகிறது.

வினை, மகள் நித்யாவைப் பெண் பார்க்க வந்தபோது எடுத்த போட்டோவில் தொடங்கியது. சென்னைச் சம்பந்தியம்மாள் மாப்பிள்ளைக்கு அக்கா மாதிரி இருந்தார். நான் சண்டைக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சோகம்.

"செங்கம் ரோட்ல ஸ்கின் கிளினிக் இருக்கும்மா. போட்டாக்ஸ் ஊசி போட்டா கோடே தெரியாது," என்றாள் நித்யா. என் கணவரிடம் சொல்லாமல் போனோம். டாக்டரம்மா நெற்றியில் அங்கங்கே சுருக் சுருக்கென்று குத்திவிட்டு, "நாலஞ்சு மாசம் நிக்கும். அதுவரைக்கும் முறைக்க முடியாது, பரவாயில்லைங்களா?" என்றார். பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். முறைப்பதுதான் என் உத்தியோகம் என்பது அந்த நேரத்தில் எனக்கே ஞாபகம் வரவில்லை.

நிச்சயத்தன்று நெற்றி புது டைல்ஸ் போட்ட தரை மாதிரி வழவழவென்று இருந்தது. நாத்தனாரே "முகத்துல என்ன ஒரு களை!" என்றாள். மிதந்துகொண்டிருந்தேன்.

அப்போது சம்பந்தி ஒரு தேதியைச் சொன்னார். "எங்க ஜோசியர் குறிச்சுக் குடுத்த முகூர்த்தம். உங்களுக்குச் சரிங்களா?"

எனக்குச் சுரீரென்றது. அன்று பௌர்ணமி. எங்கள் வாசலே கிரிவலப் பாதை என்பதால் வருஷத்துப் பௌர்ணமியெல்லாம் எனக்கு மனப்பாடம். என் கணவருக்குக் காலண்டர் எந்தச் சுவரில் தொங்குகிறது என்பதே தெரியாது. பௌர்ணமியில் ஊருக்குள் வண்டி நுழையாது, லாட்ஜில் ரூம் கிடைக்காது.

அவர் வழக்கம்போல் என் நெற்றியைப் பார்த்தார். முறைத்தேன். உயிரைக் கொடுத்து முறைத்தேன். காதுகூட நகர்ந்தது, கோடு விழவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"ரொம்ப சந்தோஷங்க. தட்டை மாத்திக்கலாம்!"

மாற்றிவிட்டார்கள். மாற்றிய தட்டைத் திருப்பி வாங்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

எல்லோரும் போனபிறகு ஊசிக் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்த ரெண்டு கோட்ட வெச்சுதான இத்தினி வருஷம் ஓட்டிக்கினு இருந்தேன்?" என்றார். திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலமே பௌர்ணமி தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ரிசப்ஷன் கோட் சூட்டோடு கிரிவலக் கூட்டத்தில் நடந்து வந்த ஒரே ஆள் எங்கள் மாப்பிள்ளையாகத்தான் இருக்கும். மண்டப வாசலைத் தவறவிட்ட அவருடைய சித்தப்பா, கூட்டத்தை எதிர்த்துத் திரும்ப முடியாமல் மலையை முழுசாகச் சுற்றிவிட்டு முகூர்த்தத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

சம்பந்தியம்மாள் பட்டுப்புடவை கசங்க, யாரோ கொடுத்த அன்னதானப் பொங்கலைத் தொன்னையில் ஏந்தியபடி வந்தார். கல்யாணமே நின்றுவிடுமோ என்று எனக்கு உள்ளே குலை நடுங்கியது. அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இவ்ளோ கலாட்டாவுலயும் எவ்ளோ அமைதியா நிக்கறாங்க பாருங்க! அண்ணாமலையார் ஊர்க்காரங்கன்னா சும்மாவா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கெடுத்த ஊசியே காப்பாற்றியது.

நித்யா போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒருநாள் அவர் மறுபடியும் காபி கேட்டார். நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தவர், "தோ, வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே மகளுக்கு போன் போட்டார். பேத்தி பிறந்தபோதுகூட அவர் அப்படிக் கத்தவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த கிளினிக் பக்கமே போகவில்லை.

போன வாரம் பேத்தியின் காதுகுத்துக்குத் தேதி குறிக்க மாப்பிள்ளை வீடியோ காலில் வந்தார்.

"தேதி சொல்றேன் அத்தை. அதுக்கு முன்னாடி போனைக் கொஞ்சம் மேல தூக்குங்க, நெத்தி தெரியணும்."

போனைத் தூக்கிப் பிடித்தது என் கணவர்தான்.