பர்டிக்கைக் கைவிட்ட ஞாயிற்றுக்கிழமை

எனக்கு இரண்டு டிக்கெட் கிடைத்தது. எனக்கு மனைவி ஒருத்தி, நண்பன் ஒருவன். கணக்கில் நான் எப்போதுமே சுமார்தான். ஆனாலும் இதில் ஒருவர் மிச்சமாவார் என்பது எனக்கே தெரிந்துவிட்டது.

நட்சத்திர ஆட்டம் இந்த ஜூலையில் எங்கள் ஊருக்கு வந்தது. நாட்டிலுள்ள எல்லா பேஸ்பால் அணிகளிலிருந்தும் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, இரண்டு அணியாகப் பிரித்து ஒரே ஒரு ஆட்டம் ஆடவிடுவார்கள். அதற்கு முதல் நாள், பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் போட்டி. ஏரிக்கரையில் வாணவேடிக்கை. தெருவெல்லாம் கொடி. சென்ற முறை இந்த ஆட்டம் இங்கே வந்தபோது எனக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, வாணம் வெடிக்கும் சத்தத்தை மட்டும் படுக்கையிலிருந்து கேட்டேன். அடுத்த முறை வரும்போது ஏரி இருக்கும். நான் இருப்பேனா என்பது சந்தேகம். அதனால் சீசன் டிக்கெட்காரர்களுக்கான குலுக்கலில் என் பெயர் விழுந்தபோது, நான் கேரேஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

பிறகு தீர்மானித்தேன். காசிமிரோடுதான் போவது.

காசிமிர் பக்கத்து வீட்டுக்காரன். எங்களுக்குக் காஸ். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மைதானத்தில் அவன் இருக்கை என் இருக்கைக்கு அடுத்தது. வேர்க்கடலையை அவன் உடைப்பான், நான் தின்பேன். வெர்னா, என் மனைவி, மைதானத்துக்கு வருவதை விட்டு வருஷங்களாகின்றன. ரேடியோவில்தான் ஆட்டம் தெரிகிறது என்பாள். சமையலறை ஜன்னலில் ரேடியோ பாடிக்கொண்டிருக்க, அவள் துணி தேய்ப்பாள். ஆகவே அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதை அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வெர்னாவிடம் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான்.

எனவே ஒரு திட்டம். முதலில் ஒரு கொள்கையை ஒப்புக்கொள்ள வைப்பது. பிறகு முடிவு அதன் பின்னால் நாய்க்குட்டி மாதிரி தானே வரும். கொள்கை இதுதான்: தேர்வு என்று வந்தால் இந்த வருஷத்து ஆட்டம் மட்டுமே கணக்கு. இந்த வருஷம் காசிமிர் எல்லா ஆட்டத்துக்கும் வந்திருக்கிறான். வெர்னா ஒன்றுக்குக்கூட வரவில்லை.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. சங்கடத்தின் பெயர் லேலண்ட் பர்டிக்.

எங்கள் அணி பட்டியலில் கடைசி. ஆனாலும் ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவரையாவது நட்சத்திர ஆட்டத்துக்கு எடுத்தாக வேண்டும் என்பது விதி. எங்களிடமிருந்து யார்? பர்டிக்கா, சால்செடோவா? ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சால்செடோ சின்னப் பையன். இந்த வருஷம் பந்தை அடித்து நொறுக்கினான். பர்டிக் கிழவர். முழங்காலில் கட்டோடு மைதானத்தில் மூன்றாம் பேஸைக் காத்து நிற்பவர். அவர் அங்கே நிற்க ஆரம்பித்தபோது என் தலையில் முடி இருந்தது. முடி வெட்டும் கடையிலும் மாதாகோவில் படியிலும், ஒரு தடவை சவ அடக்கத்திலும்கூட, நான் பர்டிக்குக்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் அடுப்பு மூட்டியிருந்தோம். சாசேஜ்களை பியரில் வேகவைத்து எடுத்திருந்தேன். காசிமிர் இடுக்கியோடு நின்றான்.

"பர்டிக்தான். வேற பேச்சே இல்ல," என்றான்.

"சால்செடோ," என்றேன்.

இடுக்கி கீழே விழுந்தது.

"என்னப்பா சொன்ன?"

"இந்த வருஷம் யாரு அடிச்சிருக்கா? அவன்தான். அப்ப அவன்தான் போகணும்."

"வெயில்ல நின்னியா? தலை சுத்துதா? உக்காரு, உக்காரு."

வெர்னா உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்தாள்.

"யாருக்குத் தலை சுத்துது?"

"உன் வீட்டுக்காரனுக்குத்தான். பர்டிக் வேணாங்கிறான்."

வெர்னா பாத்திரத்தை மேசையில் வைத்தாள். என்னையே பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். என் நடுநிலைமையைக் கண்டு மலைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்த மனுஷன் தோக்கிற அணியிலயே ஆடிக் கிழவனாயிட்டார். எத்தனை பெரிய அணி கூப்பிட்டுது! போகல. அதுக்கு ஒரு மதிப்பும் இல்லையா ஹார்லன்?"

"இது நன்றி சொல்ற விழா இல்ல வெர்னா. நட்சத்திர ஆட்டம்."

சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ கரித்தது. சாசேஜ் இல்லை, நான் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. ஒருவன் எத்தனை நாள் ஒரே இடத்தில் நின்றான் என்பது எண்ணிக்கையில் வராது. வராததால் அது இல்லை என்று ஆகிவிடுமா? இதைத்தான் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு டிக்கெட்டுக்காக எதிர்ப்பக்கம் நின்று பேசினேன். அடிக்கவே முடியாத பந்தை பர்டிக் அடிக்காமல் விட்டுவிடுவார். எனக்கு அந்தப் பக்குவம் இல்லை.

"அப்ப கூடவே இருந்தது கணக்குல வராது," என்றாள் வெர்னா.

"வராது."

"இந்த வருஷம் என்ன செஞ்சாங்கங்கிறது மட்டும்தான்."

"அது மட்டும்தான்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

"காஸ், நீதான் சாட்சி."

"நான் எதுக்கும் சாட்சி இல்லம்மா. இவன் ஹார்லனே இல்ல. யாரோ."

வெர்னா ஒரு ரொட்டியைப் பிளந்து கடுகு தடவினாள். "சரி, நீ சொல்றதுதான் நியாயம். ஒத்துக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். பதிலாகச் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்து, சாலட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"ரெண்டுதான் கிடைச்சுது வெர்னா. உன்னைக் கூட்டிட்டுப் போகணும்னு மனசு அடிச்சுக்குது. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கே. காஸ் எல்லா ஆட்டத்துக்கும் வந்திருக்கான். நீ..."

"ஒண்ணுக்கும் வரல. காஸுக்கு ஒண்ணு. அதுல தகராறே இல்ல."

காசிமிர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவன், பர்டிக்கின் ஞாபகம் வந்து பாதியில் நின்றான்.

"இன்னொண்ணு யாருக்கு?" என்றாள் வெர்னா.

"எனக்கு."

"எந்தக் கொள்கைப்படி?"

"வெர்னா, நானும் எல்லா ஆட்டத்துக்கும் போயிருக்கேன்."

"போன. காஸ், மே மாசம் ஒரு ஆட்டம் ஒன்பதோட முடியாம பதினோராவது இன்னிங்ஸ் வரைக்கும் இழுத்துதே, சால்செடோ கடைசில எந்தப் பக்கம் அடிச்சான்னு இவரைக் கேளு."

"இவன் எங்க பாத்தான்? ஏழாவதிலயே எழுந்து போயிட்டான். கார் நெரிசலாயிடுமாம்."

"அதுக்கு முந்தின ஆட்டம்?"

"தொப்பியை மூஞ்சில கவுத்துக்கிட்டுத் தூங்கினான். குறட்டை வேற. முன்வரிசைப் பொம்பளை திரும்பித் திரும்பிப் பாத்துது."

"காஸ்!" என்றேன்.

"பர்டிக்கை விட்டுட்டியேடா!" என்றான் அவன். அவனுடைய நியாயம் அவனுக்கு.

"வலது மூலைக்கு அடிச்சான்," என்றாள் வெர்னா. "சுவத்தோட அடில பட்டுத் திரும்பி உருண்டுது. உன் நீலச் சட்டையைத் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். இந்த வருஷம் ஒரு பந்துகூட விடல நான்."

கொள்கை என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் அவசரமாக எதிர்ப்பக்கம் ஓடினேன்.

"இத்தனை வருஷமா வெயில்லயும் மழையிலயும் அந்த இருக்கையில உக்காந்தவன் நான்!"

"கூடவே இருந்தது கணக்குல வராதுன்னியே."

"ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஆளாவது உண்டுன்னு விதி இருக்கு. இந்த வீட்டுலேர்ந்தும் ஒரு ஆள் போகணுமா இல்லையா?"

"போகணும். அதான் நான் போறேனே," என்று சொல்லி அவள் ரொட்டியைக் கடித்தாள்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது மெல்லக் கேட்டேன். "டிக்கெட் வந்தது உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ எடுத்து வெக்கிறவரைக்கும் தெரியாது. ஆனா பர்டிக்கை நீ விட்டுக்கொடுத்த உடனேயே ஏதோ திருட்டுத்தனம்னு தெரிஞ்சுபோச்சு. அந்த ஆளுக்காக உன் சொந்த அண்ணன்கிட்ட பேச்சை நிறுத்தினவனாச்சே நீ."

"கோவமா?"

அவள் ஒரு தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள்.

"என்னை விட்டுட்டுப் போக நெனச்சதுக்குக் கோவமில்ல. நேராக் கேட்டிருந்தா ரெண்டு பேரும் போயிட்டு வாங்கன்னு நானே சொல்லியிருப்பேன். எனக்கு ரேடியோதான் பிடிக்கும்."

என் கையிலிருந்த கரண்டி தொட்டிக்குள் நழுவியது. "அப்ப இப்பவும் நீ போக வேணாமே!"

"அதெப்படி? கொள்கைன்னு ஒண்ணு இருக்கே."

அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. பர்டிக்கைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் முழங்கால் இடம்கொடுக்கவில்லை. இப்படி நேரும்போது எங்கள் நாட்டில் ஒரு மரியாதை உண்டு. அந்த ஆள் ஆட மாட்டார். ஆனால் சீருடை போட்டுக்கொண்டு மற்றவர்களோடு மைதானத்துக் கோட்டில் வரிசையாக வந்து நிற்பார். பெயரைச் சொன்னதும் தொப்பியைத் தூக்குவார். கூட்டம் எழுந்து நிற்கும். பிறகு அவருக்குப் பதிலாக வேறொருவர் ஆடுவார். பதில் ஆள் சால்செடோ.

ஆட்டத்தன்று காசிமிர் காரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தான். வெர்னா ஏறிக்கொண்டாள். பர்டிக் பெயர் போட்ட சட்டை. என்னுடையது. நான் புல்தரையில் நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கி, கையை வாயருகே குவித்து, மைதானத்து ஒலிபெருக்கி மாதிரி இழுத்துச் சொன்னாள்.

"அடுத்து... ரொம்ப வருஷமா இந்த வீட்டுக்காகவே ஆடிக்கிட்டிருக்கிறவர்... இன்னைக்குக் களத்துல இறங்காதவர்... ஹார்லன்!"

என்ன செய்வது? தொப்பியைத் தூக்கினேன். காசிமிர் ஹார்ன் அடித்தான். வெர்னா கைதட்டினாள், அதுவும் எழுந்து நிற்க முடியாத இடத்தில் பாதி எழுந்தபடி. அந்த முகத்தில் கேலி இருந்தது. கேலி மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

"இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி வச்சிருக்கேன்," என்றாள். கார் நகர்ந்தது.

சமையலறையில் நான் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். பர்டிக் கோட்டுக்கு வந்தபோது ரேடியோக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். வெறும் கூட்டத்தின் சத்தம். அது அடங்கவே இல்லை. அந்தக் கை மெதுவாகத் தொப்பிக்குப் போவது எனக்குத் தெரிந்தது. முழங்கால் கட்டு தெரிந்தது. வெர்னாவும் காசிமிரும் நாற்காலிமேல் ஏறி நிற்பதுகூடத் தெரிந்தது. வெர்னா சொன்னது சரிதான், ரேடியோவில் எல்லாமே தெரிகிறது.

நீலச் சட்டையின் காலர் தீய்ந்ததுதான் தெரியவில்லை.