நட்சத்திரம் பிறக்கும் சத்தம்

“இப்போது இருள் மட்டுமே. ஒளி என்ற ஒன்று இன்னும் பிறக்கவில்லை” என்று சொல்லிவிட்டு வர்ணனையாளர் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த பத்து நொடிக்கு இசை கிடையாது, பேச்சு கிடையாது. கோளரங்கத்தின் குவிமாடத்துக்கு அடியில் இருநூறு பேர் சாய்வு நாற்காலிகளில் மல்லாந்து கிடந்தார்கள். பத்தாவது நொடியில் நடு உச்சியில் முதல் நட்சத்திரம் பற்றிக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷமாக நாளைக்கு மூன்று முறை அதைப் பற்றவைக்கிறவர் அவர். இன்னும் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புல்லரிக்கும்.

ஆறாவது நொடியில் அவர் வயிறு பேசியது.

ஏதோ முனகல் என்று விட்டுவிட முடியாத பேச்சு அது. அடிவயிற்றில் புறப்பட்டு, இரண்டு மூன்று திருப்பத்தில் நின்று யோசித்து, கடைசியில் ஒரு நீண்ட கேள்வியாக முடிந்தது. காலரில் குத்தியிருந்த மைக் அதைச் சிந்தாமல் அள்ளிப் பதினாறு ஒலிபெருக்கிகளுக்கும் சரிசமமாகப் பங்கு வைத்தது.

“அம்மா, நட்சத்திரத்துக்குப் பசிக்குதா?” என்றது இருட்டில் ஒரு பிஞ்சுக் குரல்.

இருநூறு பேரும் சிரித்த சிரிப்பில் முதல் நட்சத்திரம் பிறந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

காட்சி முடிந்ததும் அவர் கட்டுப்பாட்டு அறைக்குப் போனார். அங்கே விளக்கு, ஒலி, படம் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற பெண்மணிக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் பொத்தான் அக்கா. அதிகம் பேசமாட்டார்.

“ரொம்பக் கேட்டுச்சா?”

“வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவர் இடி இடிக்குதுன்னு குடையை எடுத்து வெச்சுட்டார் சார்.”

அன்றைக்கென்று பார்த்து மேலாளர் ஒரு கடிதத்தை நீட்டினார். நேரில் பேசும் வர்ணனையை நிறுத்திவிட்டுப் பதிவுசெய்த குரலைப் போடலாமா என்று பார்க்க இரண்டு மாதத்தில் மேலிடத்துக் குழு வருகிறது. குழுவின் தலைவர் ஒரு அம்மையார். இதுவரை ஏழு கோளரங்கங்களைப் பார்த்து, ஏழிலும் பதிவுக் குரலை வைத்துவிட்டு வந்தவர்.

“பதிவுக் குரலுக்கு வயிறு கிடையாதுல்ல சார்” என்றார் மேலாளர். கடிந்து சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் உறைத்தது.

வயிற்றுத் தொல்லை அவருக்கு நேற்று முளைத்ததில்லை. நெஞ்சுக்குழியில் எரிச்சல், சாப்பிட்டதும் உப்புசம், விடிந்தால் புளித்த ஏப்பம் என்று நாலு வருஷமாகக் கூடவே குடித்தனம் நடத்துகிறது. அதை வைத்து வீட்டில் ஒரு பெரும்போரும் நடக்கிறது. ஒரு பக்கம் மனைவி: உணவே போதும், மாத்திரை வீட்டுப்படி ஏறக் கூடாது. மறுபக்கம் மனைவியின் தம்பி: மருந்துக்கடை வைத்திருக்கிறவன். மாத்திரையைத் தவிர மற்றதெல்லாம் அவனுக்குப் பொழுதுபோக்கு.

கடிதத்தைப் பார்த்ததும் இருவரும் ஒரே குரலில், “நான் சரி பண்றேன்” என்றார்கள்.

“முதல்ல டாக்டர்கிட்ட போறேன்” என்றார் அவர். நாலு வருஷத்தில் அவராக எடுத்த முதல் முடிவு அதுதான்.

டாக்டர் அம்மா நிதானமானவர். கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, “எதுக்கும் உள்ளே ஒரு தடவை பார்த்துடலாம்” என்றார். தொண்டையை மரத்துப்போகச் செய்து, நுனியில் விளக்கும் கேமராவும் வைத்த மெல்லிய குழாயை மெதுவாக இறக்கினார். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார்கள். திரை நேர் எதிரே இருந்தது.

அவர் பார்த்தார். பார்த்தவர் குமட்டலையே மறந்துபோனார்.

இளஞ்சிவப்பு நிறத்தில் நீண்ட குகை. ஈரச் சுவர்களில் வெளிச்சம் பட்டு ஆயிரம் புள்ளிகள் மின்னின. குகை சுருங்கியது, விரிந்தது, அலை அலையாக எதையோ கீழே அனுப்பியது. கொஞ்சம் தள்ளி வாசல் ஒன்று தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டது. ஒளிவருடத் தொலைவில் இருக்கிறதையெல்லாம் ஊருக்குக் காட்டி வந்தவருக்கு, சட்டைப் பொத்தானுக்கு நாலு விரல் பின்னால் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருப்பது தெரியாமலே ஐம்பது வயது கடந்துவிட்டது. கண்ணில் நீர் வழிந்தது.

குழாயை எடுத்ததும் டாக்டர் பதறினார். “வலிச்சுதா?”

“இல்லம்மா. இவ்வளவு அழகா இருக்கும்னு யாருமே சொல்லலையே!”

டாக்டர் சிரித்துவிட்டார். “பெரிசா ஒண்ணுமில்ல. உணவுக்குழாய் முடியிற இடத்துல அமிலம் மேலே வந்து புண்ணாக்கியிருக்கு. ஆறிடும்.”

“அந்தச் சத்தம்?”

“வயிறு காலியா இருக்கும்போது ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை தன்னைத்தானே கூட்டிப் பெருக்கிக்கும். அந்தத் துடைப்பச் சத்தம்தான் அது. வேலைக்காரன் ஒழுங்கா வேலைக்கு வர்றான்னு அர்த்தம். அதை நிறுத்த மருந்து தேட வேண்டாம்.”

ஒரு தாளின் முன்பக்கம் எழுதினார்: காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் ஒரு மாத்திரை, எட்டு வாரம். திருப்பிப் பின்பக்கம் எழுதினார்: கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, மென்று தின்பது, சாப்பிட்டதும் படுக்காமல் நடப்பது.

வீட்டில் அந்தத் தாள் என்ன பாடு பட்டது! மச்சினன் முன்பக்கத்தைப் படித்துவிட்டு, “பாத்தியாக்கா, மாத்திரைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க” என்றான். மனைவி தாளைப் பிடுங்கித் திருப்பி, “கண்ணைத் திறந்து பாருடா, சாப்பாடுன்னு எழுதியிருக்கு” என்றாள். ரொம்ப நேரம் இழுபறிக்குப் பிறகு ஒப்பந்தம் ஆனது. எது வேலை செய்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரியவேண்டும். ஆகவே முதல் இரண்டு வாரம் மாத்திரை மட்டும். அடுத்த இரண்டு வாரம் சாப்பாடு மட்டும்.

“நான் ரெண்டையும்...” என்று அவர் ஆரம்பித்தார்.

“நீங்க சும்மா இருங்க. இதுல உங்களுக்கு ஒண்ணும் புரியாது” என்றாள் மனைவி.

மச்சினன் ஒரு மாத்திரையோடு நிற்கிற ஆள் இல்லை. “டாக்டர் ஒண்ணுதான் எழுதியிருக்காங்க. நம்ம கடை, நம்ம மாமா!” என்று உப்புசத்துக்கு ஒன்று, அது மலச்சிக்கல் தந்ததால் அதற்கு ஒன்று, அது அதிகமாகப் போனதால் அதை நிறுத்த ஒன்று, இத்தனை போட்டதில் வந்த படபடப்புக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனான். கடைசி மாத்திரை தூக்கம் வரவழைக்கும் சாதி. ஒரு மதியக் காட்சியில், “இதோ, சனிக் கோளின் வளையத்தை நெருங்குகிறோம்” என்றவர் அப்படியே அசந்துபோனார். பார்வையாளர்கள் ஒன்பது நிமிஷம் வளையத்திலேயே சுற்றினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தலைசுற்றி வாந்தியே வந்துவிட்டது.

“மருந்து உடம்புல பிடிக்குது மாமா” என்றான் மச்சினன் பெருமையாக.

பிறகு மனைவியின் ஆட்சி. பால் கிடையாது, வெங்காயம் கிடையாது, கோதுமை கிடையாது, எண்ணெய், காபி, புளிப்பு, காரம் எதுவும் கிடையாது.

“அப்ப எதைத்தான்டி சாப்பிடறது?”

“நான் படிக்கிற புத்தகத்துல அந்த அத்தியாயம் இன்னும் வரலைங்க.”

அத்தியாயம் வந்தது. பச்சை முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, மறுபடி பச்சை முட்டைக்கோஸ். ஒவ்வொரு வாயையும் நாற்பது தடவை மெல்லவேண்டும். எதிரே உட்கார்ந்து மனைவியே எண்ணுவாள், நடுவில் போன் வந்தால் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். காலைச் சாப்பாடு முடிவதற்குள் முதல் காட்சிக்கு மணி அடித்துவிடும். சாப்பாட்டுக்குப் பின் நடக்கவேண்டும் என்று இருந்ததால் அவர் மைக்கோடு இருட்டில் நடந்தபடியே பேசி, மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் மடியில் உட்கார்ந்து எழுந்தார். முட்டைக்கோஸோ உள்ளே தனிக் கச்சேரி வைத்தது. பத்து நொடி மௌனம் வரும்போதெல்லாம் இரு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றார். உறுமல் கேட்டதா, யாராவது சிரித்தார்களா என்று பார்க்கக்கூடத் தைரியமில்லை. காட்சி முடிந்து யார் முகத்தையும் பார்க்காமல் பின்வாசல் வழியாக ஓடிவிடுவார்.

நாலாவது வாரக் கடைசியில் பாதியாக இளைத்துப்போய் டாக்டர் முன்னால் நின்றார். கதையெல்லாம் கேட்ட டாக்டர் அம்மா அந்தத் தாளை வாங்கி முன்பக்கம் காட்டினார், பின்பக்கம் காட்டினார்.

“ஒரே தாள்தானே? ஏன் ரெண்டு கட்சியாக்கினீங்க? மாத்திரை புண்ணை ஆத்தும். சாப்பிடற விதம் அது திரும்ப வராம பாத்துக்கும். இதுல சண்டை எங்கே வந்துச்சு? அந்தக் கூடுதல் மாத்திரை, பச்சை முட்டைக்கோஸ் ரெண்டையும் இன்னியோட விடுங்க.”

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மச்சினனிடம் அவன் தந்ததை வாங்கி, டாக்டர் எழுதியதை மட்டும் விழுங்கினார். மனைவியிடம் முட்டைக்கோஸை வாங்கி எதிர்வீட்டு முயலுக்குப் போட்டுவிட்டு, வெந்த சாதமும் பூசணிக்காயும் அலுவலகத்தில் அளவாகச் சாப்பிட்டார். மூன்று வாரத்தில் எரிச்சல் அடங்கியது. ஏப்பம் இனித்தது. ஒரு நாள் காலையில் எழுந்ததும் உடம்பு இருப்பதே நினைவில்லாமல் ஒரு மணி நேரம் கழிந்தது. அதுவே அவருக்கு அதிசயமாக இருந்தது.

பயம் மட்டும் போகவில்லை. பயந்தாலே வயிறு பேசும். வயிறு பேசுமோ என்றுதான் பயம்.

குழு வந்தது. முன்வரிசை நடுவில் தலைவர் அம்மையார். இறுகிய முகம், கையில் குறிப்பேடு. மனைவியும் மச்சினனும் ஆளுக்கொரு ஓரத்தில் பெருமையோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மையார் எழுந்து, தமக்கும் குத்திவிட்ட மைக்கில் வரவேற்புரைக்குப் பதில் சொன்னார்: “குரலில் பிழை இருக்கக் கூடாது. மௌனத்தில் அதைவிடவும் இருக்கக் கூடாது.” விளக்கு அணைந்தது.

அன்று அவர் பேசியது போல இருபத்திரண்டு வருஷத்தில் பேசியதில்லை. இனி பேசக் கிடைக்காது என்று நினைத்தே பேசினார்.

“நம் இரத்தத்தில் ஓடும் இரும்பு ஒரு நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்தது. வெளியே இருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கிற போதெல்லாம் நாம் பார்ப்பது நம்மையேதான். இப்போது இருள் மட்டுமே. ஒளி என்ற ஒன்று இன்னும் பிறக்கவில்லை.”

மௌனம். ஒன்று. இரண்டு. மூன்று. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஏழு. எட்டு.

அப்போது அது வந்தது.

குவிமாடம் அதிர்ந்தது. எங்கோ அடியாழத்தில் தொடங்கி, உருண்டு, திரண்டு, இருநூறு நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் புகுந்து, உச்சியை நோக்கி ஏறி... சரியாகப் பத்தாவது நொடியில், அந்த உறுமலின் நுனியில், முதல் நட்சத்திரம் பற்றிக்கொண்டது.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெரிய “ஆ” மட்டும் எழுந்து அடங்கியது. யாரோ விம்முவது கேட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இத்தனை பெரிய பிரபஞ்சம் தன் வயிற்றைத்தான் கடன் வாங்கிப் பிறந்ததோ என்று அவருக்கே தோன்றிவிட்டது.

விளக்கு வந்ததும் அம்மையார் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது, குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சத்தம்...” என்றார்.

“மன்னிச்சுக்கணும் அம்மா. அது என்...”

“மகத்தான சத்தம்!” என்று அவசரமாக இடைமறித்தார். “உயிரின் சத்தம்! எந்தப் பதிவிலும் வராது. இங்கே மனிதர்தான் பேசவேண்டும். நீங்கள் இருக்கும்வரை நீங்கள்தான். எழுதிக்கொள்ளுங்கள் மேலாளரே.”

மேலாளர் வாயைப் பிளந்தபடி எழுதிக்கொண்டார்.

மனைவி ஓடிவந்தாள். “நான் சொல்லலை? அது என் முட்டைக்கோஸ் போட்ட சத்தம்ங்க!”

“சும்மா இரு அக்கா. அது என் மாத்திரை சரியான நேரத்துல வேலை செஞ்ச சத்தம்!”

அவர் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டி, நான்கு வார உண்மையைச் சொன்னார். அக்காவும் தம்பியும் முதல் முறையாக ஒரே பக்கம் நின்று அவரை முறைத்தார்கள். அம்மையார் மட்டும் பக்கத்தில் வந்து கவனமாகக் கேட்டார். “எரிச்சலுக்குமா கேட்குது?” என்று தாளின் இரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். “எங்க வீட்டுல ஒருத்தருக்கு” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் மிதந்துகொண்டே கட்டுப்பாட்டு அறைக்குப் போனார்.

“கேட்டீங்களாக்கா? என் வயித்துக்குள்ள இப்படி ஒரு சத்தம் இருக்கும்னு நானே நினைக்கலை!”

கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த பொத்தான் அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார்: “ரெண்டு மாசமா அந்தப் பத்து நொடிக்கு உங்க மைக்கை நான் அணைச்சிடறேன் சார், இன்னிக்கு திறந்திருந்தது பேசி முடிச்சுட்டுத் தலைவரம்மா கழட்ட மறந்த மைக்தான்.”