கனடா பட்டியலும் கொள்ளிடமும்

எனக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் ஒன்று நின்றுபோனது. ஜாதகத்தில் கோளாறு என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். கண்ணை மூடும்வரை அதையே சொன்னாள். நானும் மறுக்கவில்லை. (கிரகங்களா வந்து மறுக்கப்போகின்றன?) ஆனால் அந்தக் கல்யாணத்தை நிறுத்தியது செவ்வாயும் இல்லை, சனியும் இல்லை. நான்தான்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். எனக்கு இருபத்து மூன்று வயது. அரியலூரில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. சாதாரணக் குமாஸ்தா இல்லை, இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிற குமாஸ்தா. திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பெண் பார்த்து, ஆவணியில் நிச்சயம் செய்து, தையில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். பெண்ணின் பெயர் ராஜாமணி. அவளுடைய அண்ணன் கலியமூர்த்தி பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் எடுத்துச் சொல்லித்தான் அந்தச் சம்பந்தமே அமைந்தது.

ஐப்பசிக் கடைசியில் வெள்ளம் தணிந்ததும், பரிசலில் அணைக்கரை வரை போய்வரலாம் என்று கலியமூர்த்தி கூப்பிட்டான். இரண்டு நாள் பயணம். பெரும்பாலும் நாணல் காடும் மணல் திட்டும்தான், அணைக்கரையை நெருங்கினால் முதலைகூட உண்டு என்றான். அவன் வருஷா வருஷம் போகிறவன். என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு நல்ல கயிறு, அவல், வெல்லம், ஆளுக்கு இரண்டு காய்ந்த சுரைக்குடுக்கை, இவ்வளவுதான் என்றான். கயிறும் அவலும் அவன் வீட்டில் இருந்தன. குடுக்கை மட்டும் நான் சந்தையில் வாங்கிவர வேண்டும்.

"ஆத்துல போறப்ப கை சும்மா இருக்கணும் மாப்ளே. குடுக்கைய மட்டும் மறந்துடாத" என்றான்.

சுரைக்குடுக்கை! எங்கள் ஊரில் கிணற்றில் நீச்சல் பழகும் பொடிசுகள் முதுகில் கட்டிக்கொள்வது. ஆபீஸ் உத்தியோகஸ்தன், நாளைய மாப்பிள்ளை, முதுகில் சுரைக்காயைக் கட்டிக்கொண்டு பரிசலில் உட்கார்ந்திருப்பதை ராஜாமணி கரையிலிருந்து பார்த்தால்? அந்த ஒரு நினைப்பிலேயே நான் குடுக்கையை ரத்து செய்துவிட்டேன். கலியமூர்த்தியிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தப் பத்திரிகை என் கையில் சிக்கியது. கனடா தேசத்துக் காட்டாற்றில் ஒரு மாதம் படகில் போன ஒரு துரை எழுதியிருந்தார். கடைசியில் பட்டியல், முப்பத்தொரு சாமான். கூடாரம், முழங்கால் பூட்ஸ், மடக்குக் கட்டில், இரும்புப் பெட்டி என்று போய், கரடி வந்தால் தட்டி ஓசைப்படுத்த ஒரு தகர டப்பாவில் முடிந்தது. கொள்ளிடத்தில் கரடி கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பட்டியலில் இருப்பதை விட்டுவிட எனக்குப் பயிற்சியில்லை. தகர டப்பாவையும் எழுதிக்கொண்டேன்.

பெரம்பலூரில் பாய் ஒருவர், பட்டாளத்தில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், ரங்கூனில் குண்டு விழுந்தபோது அங்கிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். என் பட்டியலை இரண்டு தரம் படித்தார்.

"தம்பி ஆத்துக்குப் போறீங்களா, பட்டாளத்துக்கா?"

ஆற்றுக்குத்தான் என்றேன். நீச்சல் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். (கிணற்றுப் படியைக் கையால் பிடித்துக்கொண்டு காலை உதைப்பதை நான் நீச்சல் என்றுதான் நம்பியிருந்தேன்.) ரங்கூனிலிருந்து மூன்று பெட்டியோடு கிளம்பியதாகவும், முதல் ஆற்றைக் கடக்கும்போதே மூன்றையும் விட்டுவிட்டதாகவும், அதனால்தான் உயிரோடு இந்தக் கடையில் உட்கார்ந்திருப்பதாகவும் அவர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், பூட்ஸை மாட்டிப் பார்த்தபடி. காலுக்கு இரண்டு அளவு பெரிது. உள்ளே துணி அடைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். பாய் பெருமூச்சு விட்டுவிட்டு எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தார்.

கிளம்பும் நாளில் மாட்டு வண்டி நிறைய சாமானோடு திருமானூர்க் கரையில் போய் இறங்கினேன். மாமனார் வீடே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற ராஜாமணி என் தலையிலிருந்த துரைத் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். அதை நான் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். கலியமூர்த்தி என்னைத் தனியே இழுத்து, பாதியையாவது கரையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று கெஞ்சினான். ஒன்றையும் விடமுடியாது என்றேன். இத்தனை பேர் முன்னால் மாப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்க அவனுக்கு மனசில்லை.

"குடுக்கை இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டான்.

"எல்லாம் இருக்கு மச்சான். நீ ஏறு."

இரண்டு மைல்கூடப் போகவில்லை. ஆறு வளைகிற இடத்தில், ஒரு மணல் திட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடிந்த மதகின் கற்கள் கிடந்தன. தண்ணீர் அங்கே சுழித்து ஓடியது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. இரும்புப் பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. கலியமூர்த்தி "உக்காரு" என்று கத்துவதற்குள் நான் பெட்டியைப் பிடிக்க எழுந்து நின்றுவிட்டேன். பரிசலில் எழுந்து நிற்கக் கூடாது என்பது துரையின் கட்டுரையில் இல்லை.

கவிழ்ந்தோம். பெட்டி கலியமூர்த்தியின் வலது காலின்மேல் விழுந்து, காலை மதகுக் கல்லோடு சேர்த்து நசுக்கிவிட்டுப் போனது. என் பூட்ஸில் தண்ணீர் ஏறி இரண்டு காலும் கருங்கல்லாயின. கையில் அகப்பட்டது அவன் கழுத்து. இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அந்த உடைந்த காலோடு, என்னையும் இழுத்துக்கொண்டு, இரண்டு தரம் முங்கி எழுந்து அவன் எப்படித் திட்டுக்கு வந்து சேர்ந்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கூடாரம் மட்டும் செத்த எருமை மாதிரி உப்பிக்கொண்டு கொஞ்ச தூரம் மிதந்து போயிற்று.

மணலில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினேன். கக்கி முடித்து நான் கேட்ட முதல் கேள்வியை இப்போது எழுதவும் கை கூசுகிறது.

"மச்சான், டென்ட் எங்க?"

அவன் காலைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"குடுக்கை எங்கடா?" என்றான்.

நான் எழுந்து உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினேன். மத்தியானம் நாணல் அறுக்க வந்தவர்கள் எங்களைக் கரை சேர்த்தார்கள்.

கால் கோணலாகத்தான் கூடியது. கலியமூர்த்தி அதற்குப் பிறகு நொண்டித்தான் நடந்தான். ஒரு மாதம் கழித்து அவனுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்து, பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கால் போனது விதி என்று சொல்லிவிடலாம் என்றார்.

"குடுக்கைய வாங்கலேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்மவன் தண்ணியில எறங்கியிருக்க மாட்டான் தம்பி. அந்த ஒரு வார்த்தயச் சொல்லாதவர நம்பி, பொண்ண எப்புடிங்க அனுப்புறது?"

அதுவரை என்னை 'மாப்ள' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர். நிச்சயத் தாம்பாளத்தைத் திருப்பி வைத்துவிட்டு, என் அம்மா கொடுத்த மோரைக் குடித்து முடித்துத்தான் எழுந்தார். மோரை மறுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

எனக்கு அப்புறம் முப்பத்து நாலு வயதில் வேறிடத்தில் கல்யாணமானது. ஆற்றுச் சமாசாரத்தை நான் வீட்டில் சொன்னதில்லை. ஆனால் கதைகள் நம் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. போன வருஷம் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த ஓர் இளைஞன், தன் தாய்மாமா கால் நொண்டியான கதையைச் சிநேகிதர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அதில் பரிசல் இருந்தது, தொப்பி இருந்தது. முதலையும் சேர்ந்திருந்தது. என் உடம்பு மூன்று மடங்கு பெருத்திருந்தது. பந்தியில் அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தார்கள்.

உங்கள் அம்மா இதைக் கேட்டு வருத்தப்பட மாட்டார்களா என்று விசாரித்தேன்.

"எங்கம்மா சொல்லித்தாங்க எங்களுக்கே தெரியும்" என்றான் பையன், மரியாதையாகத் திரும்பி. "வூட்டுல விசேஷம்னா சொல்லச்சொல்லிக் கேப்போம். அந்தாளுக்கு ஒரு கும்புடு போடுங்கடா, அவரு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா நீங்கள்லாம் பொறந்திருக்கவே மாட்டீங்கன்னு சொல்லி முடிப்பாங்க."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால், யார் என்று கேட்டிருப்பார்கள்.