ஏசியில் கை வைத்தவர்

"சத்தம் கேக்குதா இல்லையா உங்களுக்கு?"

"எந்தச் சத்தம்?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். கேட்கும்போதே காதுமடல் சூடாகிவிட்டது.

காருக்குள் ஏசி சில்லென்று வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைப் போட்ட மறுநொடி, முன்பக்க மூடிக்கு அடியிலிருந்து 'கடகடகட'வென்று ஒரு சத்தம் கிளம்பும். அணைத்தால் நின்றுவிடும். மறுபடி போட்டால் மறுபடி கடகட.

"ஒர்க்ஷாப்ல குடுக்கறதுக்கு முன்னாடி இது இல்லையே," என்றாள் மனைவி.

"இப்பத்தானே சரி பண்ணியிருக்கு? நாலு நாள் ஓடினா பழகிடும்."

"செருப்பா, பழகறதுக்கு?"

மனைவி ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் ஓடுகிற பையன் நிற்பான். காருக்குள் அந்தக் குரலுக்கு இடம் போதாது.

விஷயம் என்னவென்றால், கார் எந்த ஒர்க்ஷாப்புக்கும் போகவே இல்லை.

கண்ணாடிக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடி விற்கிறவர். கடுகு மாதிரித் திருகுகளைக் கண்ணை இடுக்கிக்கொண்டு கழற்றுவார், மாட்டுவார். அந்தக் கைக்கு ஒரு கர்வம் இருந்தது. ஏசி படுத்துக்கொண்டபோது, "இதுக்கெல்லாம் ஒர்க்ஷாப் எதுக்கு? நானே பார்க்கறேன்," என்றார். மனைவி சிரித்தாள். திட்டியிருந்தால் மனுஷன் சும்மா இருந்திருப்பார். அந்தச் சிரிப்புதான் ஆளைக் கெடுத்தது.

அவள் பிள்ளைகளை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப்போன அன்று, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, காரின் முன்பக்கத்தைப் பிரித்தார். ஃபேனைக் கழற்றினார். பின்னால் வலை முழுக்க இலையும் தூசியும். கழுவினார், மாட்டினார். ஏசி சில்லென்று வந்தது! ஒரு திருகு மட்டும் கையில் மிஞ்சியது. 'கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன், ஒண்ணு சேர்த்துப் போட்டிருக்கான்' என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மனைவி வந்ததும் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று வாசலில் காத்திருந்தார். சும்மா இருக்க முடியாமல் இன்னொரு தடவை ஏசியைப் போட்டுப் பார்த்தார். அப்போதுதான் முதல் கடகட.

ஊரிலிருந்து வந்து இறங்கியவள், "ஒர்க்ஷாப்ல குடுத்துட்டீங்களா?" என்றாள்.

"குடுத்துட்டேன்."

"எதுல?"

"ரயில்வே கேட் பக்கத்துல ஒண்ணு இருக்கே, அதுல."

தினமும் கடைக்குப் போகிற வழியில் கண்ணில் படுகிற போர்டு. அது வாயில் வந்துவிட்டது.

அதன்பிறகு பாவம், அவர் சும்மா இருக்கவில்லை. ஆடுகிற ஃபேனுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு துண்டைத் திணித்தார். சத்தம் நின்றது, கருகல் நாற்றம் வந்தது. துண்டை இழுத்தார். பாதிதான் வந்தது. சரி, ஃபேனைச் சட்டத்தோடு கம்பியால் கட்டிவிடலாம் என்று கட்டினார். இப்போது கம்பியின் நுனி ஃபேன் இறக்கையில் பட்டு 'டிங் டிங்' என்றது. கடகடவுக்குத் துணைக்கு ஆள் வந்தது. கடைசியில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

இப்போது காருக்குள் மனைவி அந்த ரேடியோவை அணைத்தாள்.

கடகட, டிங். கடகட, டிங்.

"ரயில்வே கேட்தானே சொன்னீங்க? வண்டியை அங்க விடுங்க."

"இன்னைக்கு லீவா இருக்கும்."

"காலையில பார்த்தேன், திறந்துதான் இருக்கு. விடுங்க."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவருக்கு ஒவ்வொரு சிக்னலிலும் பயம். ஒரு சிவப்பு விளக்காவது கூடுதலாக நிறுத்தி வைக்கக் கூடாதா? எல்லாம் பச்சை!

ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்தியதும், "நீ வெயில்ல இறங்காத. நான் போய் ஆளைக் கூட்டிட்டு வர்றேன்," என்று குதித்து இறங்கி உள்ளே ஓடினார்.

சாப்பாட்டு நேரம். கடையில் அரவமே இல்லை. ஒரு சாம்பல் நிறக் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்களேன்!"

ஓர் ஆள் ஊர்ந்து வெளியே வந்தார். சட்டை முழுக்கக் கிரீஸ், நெற்றியில் கறுப்புக் கோடு. "ஓனர் சாப்பிடப் போயிருக்காரு," என்றார்.

"ஓனர் வேண்டாம், நீங்களே போதும். என் மானமே உங்க கையிலதான் இருக்கு." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். "நீங்கதான் ஏசியைச் சரி பண்ணினதா ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ரெண்டு நிமிஷம் திட்டுவா, போயிடுவா."

கிரீஸ் சட்டைக்காரர் வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தார். "ரொம்பத் திட்டுவாங்களா?"

"விளையாட்டு டீச்சர்."

"விசில் இருக்கா?"

"இன்னைக்கு எடுத்துட்டு வரல."

அந்த ஆள் பெருமூச்சு விட்டார். கண்ணில் அப்படி ஒரு இரக்கம். "சரி விடுங்க. ஆம்பளைக்கு ஆம்பளை இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

கண்ணாடிக்கடைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. முன்பின் தெரியாதவருக்காகத் திட்டு வாங்கக்கூட ஒரு மனுஷன் இருக்கிறானே!

ரெண்டு நிமிஷம் என்றது பத்து நிமிஷமாகியும் முடியவில்லை.

"ஏம்ப்பா, இதுக்குப் பேரு ரிப்பேரா?"

"தப்புதான் அக்கா."

"ஓட்டைத் தகர டப்பாகூட இதைவிட நல்லாச் சத்தம் போடும்!"

"ஆமாக்கா."

அந்த ஆளுக்குத் திட்டு வாங்குவதில் நல்ல பழக்கம் இருந்தது. தலையை எவ்வளவு குனிய வேண்டும், எப்போது 'ஆமா' போட வேண்டும், எப்போது வாயைத் திறக்கவே கூடாது என்பதெல்லாம் அத்துப்படி. கண்ணாடிக்கடைக்காரர் சற்றுத் தள்ளி நின்று, அந்தக் கார் தன்னுடையது இல்லை என்பதுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மனைவி மூடியைத் திறக்கச் சொன்னாள். திறந்தார்கள். கம்பி முடிச்சைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து, ஃபேன் இடுக்கில் இருந்த எதையோ பிடித்து இழுத்தாள்.

மஞ்சள் துண்டு. பாதி கருகியிருந்தது. கருகாத பாதியில் அவள் பள்ளியின் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது.

"இது என் துண்டு!"

கண்ணாடிக்கடைக்காரர் பாய்ந்து வந்தார். "வண்டியில கிடந்திருக்கும்மா," என்று அவசரமாகச் சொன்னார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"வண்டியில கிடந்ததை எடுத்திருக்கானா? அப்போ வேலையும் தெரியல, கையும் சுத்தமில்லையா? இது திருட்டு!"

கிரீஸ் சட்டைக்காரர் நிமிர்ந்தார். கண்ணாடிக்கடைக்காரரை ஒரே ஒரு பார்வை பார்த்தார். இதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லையே என்றது அந்தப் பார்வை. பிறகு மறுபடியும் தலையைக் குனிந்து, "அவசரத்துல எடுத்துட்டேன் அக்கா," என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்தத் தரையில் ஒரு பள்ளம் இருந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. இருந்தது என்னவோ எண்ணெய் வழிந்த தரைதான்.

மனைவி போர்டில் இருந்த நம்பரைப் போனில் அழுத்தினாள். "ஓனர்தானே? உடனே வாங்க. உங்க ஆள் ஒருத்தன் இங்க வேலைக்கு லாயக்கே இல்ல."

இதைக் கேட்டதும் அந்த ஆளின் முகம் வெளிறிப்போனது. "அக்கா, ஓனர் எதுக்கு அக்கா? நம்மளுக்குள்ளேயே பேசிக்கலாமே! அவர் வந்தா என் கதை முடிஞ்சிடும் அக்கா!"

"முடியட்டும்!"

அவர் கண்ணாடிக்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், எப்படியாவது அக்காவைக் கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்கும் குடும்பம் இருக்கு சார்."

குடும்பம் என்ற வார்த்தை கண்ணாடிக்கடைக்காரரின் நெஞ்சில் குத்தியது. இந்த ஆள் வேலை போய் வீட்டுக்குப் போய் நிற்பார். மனைவி ஏன் என்று கேட்பாள். திருட்டு என்று சொல்வாரா? ஒரு துண்டுக்கு! அதுவும் தான் திணித்த துண்டுக்கு!

"வா, போகலாம். போனாப் போகட்டும்," என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

"இப்படி நீங்க விட்டு விட்டுத்தான் எல்லாரும் ஏமாத்தறாங்க."

அவள் அவர் பக்கம் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஓனர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வயதானவர், சாப்பிட்ட கையின் ஈரம்கூடக் காயவில்லை. மனைவி துண்டைத் தூக்கிக் காட்டினாள். அவர் துண்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "இந்த வண்டியா? இது எங்க..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, நிறுத்துங்க!"

கண்ணாடிக்கடைக்காரர் கத்தியே விட்டார். குரல் உடைந்திருந்தது.

"இவர் மேல ஒரு தப்பும் இல்ல. என் வண்டி உங்க கடைக்கு வந்ததே இல்ல. பிரிச்சது நான். துண்டைத் திணிச்சது நான். கம்பி கட்டினதும் நான். இவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பழியை ஏத்துக்க வச்சதும் நான்தான். தயவுசெஞ்சு இவரை வேலையை விட்டு எடுத்துடாதீங்க."

சட்டைப்பையிலிருந்த திருகை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

அவள் கத்தவில்லை. மைதானத்தையே நிறுத்துகிற குரல் மிக மெதுவாக வந்தது.

"நான் சிரிச்சது தப்புதான். அதுக்காக என் வாயால ஒரு நல்ல மனுஷனைத் திருடன்னு சொல்ல வச்சிட்டீங்களே."

வாழ்க்கையில் அப்படிக் கூனிக் குறுகி அவர் நின்றதே இல்லை.

அவள் கிரீஸ் சட்டைக்காரரிடம் திரும்பிக் கைகூப்பினாள். "மன்னிச்சிடுப்பா. தெரியாம என்னென்னமோ சொல்லிட்டேன்."

திட்டுக்கு அசையாமல் நின்ற ஆள், இந்த மன்னிப்புக்கு நெளிந்தார். "பரவாயில்லக்கா, விடுங்க, நான் கிளம்பறேன்," என்று சாம்பல் நிறக் காரின் பக்கம் நழுவினார்.

ஓனர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார்.

"வேலையை விட்டு எடுக்கறதா? இவரு இங்க வேலை பார்த்தாத்தானே சார்! இவரும் உங்களை மாதிரிதான், தன் வண்டி ஏசியைத் தானே பிரிச்சுப் போட்டுட்டு, 'சாயங்காலம் சம்சாரத்தோட வர்றேன், நீங்க கெடுத்ததா ஒத்துக்குங்க'ன்னு காலையிலேர்ந்து என்கிட்ட கெஞ்சிட்டு இருக்காரு!"